அஸீமா டீச்சரின் முகமில்லா மனிதர்கள்

எனக்குக் கேக் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறந்தநாள் வீடுகளில் நீட்டப்படும் துண்டை வாங்கி, ஐசிங்கைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம். அப்படிப்பட்ட என்னைத்தான் அஸீமா தன் கேக்குகளைத் தூக்கிக்கொண்டு போகும் ஆளாக நியமித்திருக்கிறாள். "நீங்க திங்க மாட்டீங்க டீச்சர், அதான் நம்பித் தரலாம்" என்பாள்.

நாங்கள் இருவரும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறோம். என் பெயர் நிரஞ்சனி. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிட்டுப் பழகி, பிள்ளைகள் இல்லாத இடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. நேரில் 'டீச்சர், நீங்க' என்கிறவளை இங்கே அவள், இவள் என்று எழுதுவதற்கு அவள் என்னை மன்னிக்க வேண்டும். மன்னிப்பாள், கோபித்துக்கொள்ளத் தெரியாத பிறவி.

கேக் தூக்குவது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் வீடு அலவத்துகொடையில். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இறக்கம், வளைவு. அவளுடைய கணவர் நஸீம் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறவர். முன் ஆசனத்தில் நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி அமர்ந்திருப்பேன். பின்னால் அஸீமா ஒரு பழைய பால்மா டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பாள். அந்த டின்னுக்குள் மிஞ்சிய சீனிப் பசை, பல்லுக்குச்சி, ஒரு சின்னப் பிரஷ், போத்தல் மூடியில் கொஞ்சம் தண்ணீர். வழியில் யாருக்காவது கை கால் உடைந்தால் ஒட்டுவதற்கு.

யாருக்காவது என்றால் கேக்கின் மேல் நிற்கிறவர்களுக்கு. அஸீமாவின் கேக்குகளில் எப்போதும் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தொப்பி இருக்கும், முக்காடு இருக்கும், கொண்டை, வழுக்கை எல்லாம் இருக்கும். முகம் மட்டும் இருக்காது. உயிருள்ளதை உருவமாகச் செய்து அதற்குக் கண்ணும் வாயும் வைப்பது சரியில்லை என்று அவளை வளர்த்திருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டு விஷயம், நான் அதில் தலையிடுவதில்லை. ஆனால் முதல் தடவை தலையிட்டேன்.

என் மகள் அபினயாவின் பிறந்தநாள். 'பள்ளிக்கூடம் போகும் அபினயா' என்று கேக் கேட்டிருந்தேன். கொண்டுவந்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. முழங்கை அளவுத் தெரு, ஒரு மதில், அதன் பக்கத்தில் என் மகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பு.

"என்ன டீச்சர் இது, புள்ளைக்கு மூஞ்சியே இல்ல? வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"மூஞ்சி இல்லாட்டி அபினயா இல்லயா? கொஞ்சம் நல்லாப் பாருங்களே."

பார்த்தேன். பை ஒரு தோளிலிருந்து வழுக்கி முழங்கையில் தொங்கியது. ஒரு காலுறை கணுக்கால் வரை இறங்கியிருந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மற்றக் காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அதற்குள் என் கணவர் ரவிகுமார் உள்ளே வந்தார். "அட, நம்ம அபி சொறிஞ்சிக்கிட்டு நிக்கிறா!" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து அவள் வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். யாருக்குக் கேக் செய்தாலும் அவள் படம் கேட்க மாட்டாள். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் திறந்து பார்க்க மாட்டாள். "அவர் பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் கைய எங்க வெப்பார்?" என்று கேட்பாள். "கோவம் வந்தா உக்காருவாவா, எழும்புவாவா?" என்று கேட்பாள். நஸீமைச் செய்தபோது ஒரு கையைச் சட்டைப்பையின் மேல் வைத்தாள். வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் சட்டைப்பையைத் தட்டிப் பார்க்காமல் அந்த மனிதர் ஒரு நாளும் இறங்கியதில்லை. எங்கள் பெரிய டீச்சர் ஓய்வு பெற்றபோது, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்து நிற்கும் உருவத்தைச் செய்தாள். 'சத்தமா சொல்லுங்க புள்ளைங்களே' என்று எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பெரிய டீச்சர் கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. பிறகு அந்த உருவத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

கடை போடச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் வலித்துவிட்டது. அஸீமா சொந்தக்காரருக்கும் சிநேகிதிகளுக்கும் மட்டுந்தான் செய்வாள், அதுவும் ஆசைக்கு. ஏன் என்று நானும் ஒரு நாள் கேட்டேன். சாரீப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, பல்பு எரியும் அலுமாரிக்குள் உருவங்களைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துப் பனிக்கு வெளியில் வைத்தால் சீனி வியர்த்து ஒழுகிவிடும்.

"தெரியாத ஆள நான் எப்புடி டீச்சர் செய்ற?" என்றாள்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்த முதல் ஆள் நளீர். அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வாப்பா மௌத்தாகிவிட, தகப்பன் இடத்தில் நின்று கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதிலிருந்து, ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பியது வரை எல்லாம் அவர்தான். அவர் லொறி ஓட்ட முதல் தடவை கட்டாருக்குப் போன அன்று, ஒரு ரிப்பன் கேக் செய்து, அதன் மேல் ஐசிங்கில் விமானம் வைத்தாளாம். நடுவில் குழி விழுந்த கேக். விமானம் குழிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்ததாம். 'என்னடி, நான் போற பிளேனா இது?' என்று கேட்டுவிட்டு, தட்டு காலியாகும்வரை அவரே சாப்பிட்டாராம். அதுதான் அவள் வாழ்க்கையில் செய்த முதல் கேக். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்துவிடும்.

இனிமேல் நான் சொல்லப்போவது அந்த நானாவுக்காக அவள் செய்த இரண்டாவது கேக்கைப் பற்றி.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நான் அஸீமாவின் வீட்டில் இருந்தேன். அவளுடைய மதினி றம்லத் வந்தார். நளீரின் மனைவி. கூடவே இரண்டு பிள்ளைகள். பெரியவள் றிப்தா உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சின்னவன் ஸிபானுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. தெல்தெனியவில் றம்லத்தின் தாய்வீட்டுக் காணியில் கட்டிய வீட்டில் மூவரும் இருக்கிறார்கள். வீட்டைக் கட்டியது நளீரின் உழைப்பு. அதில் அவர் மொத்தமாகத் தூங்கிய இரவுகளைச் சேர்த்தால் ஒரு பருவமழைக் காலம் கூடத் தேறாது. கடைசியாக அவர் வந்துபோனபோது ஸிபான் தவழ்ந்துகொண்டிருந்தான். பிறகு கொரோனா வந்தது, பிறகு நாட்டில் பெட்ரோலும் இல்லை சமையல் காஸும் இல்லை என்று ஆனது, டிக்கெட் விலை எகிறியது, ஒவ்வொரு முறையும் அடுத்த நோன்புக்கு, அடுத்த பெருநாளைக்கு என்று தள்ளிப்போனது.

பிள்ளைகள் முற்றத்தில் இருந்தார்கள். றம்லத் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினார். வெளியே போக எழுந்த என்னை, "நீங்க இரிங்க டீச்சர், நீங்களும் நம்மட ஆள்தானே" என்று நிறுத்தினார்.

"அஸீமா, இந்த மொற அவர் ஒரேயடியா வாறார். இனிப் போற இல்ல" என்றார். சொன்னது சந்தோஷச் செய்தி. சொன்னவரின் கண்கள் நிறைந்திருந்தன.

"அதுக்கு ஏன் மதினி அழுவுறீங்க?"

"றிப்தா என்ன செல்றாள் தெரியுமா? 'அவர் போனுக்குள்ள ஈக்கிறதுதான் நல்லம் உம்மா. பேசி முடிஞ்சா ஓஃப் பண்ணிடலாம்' எண்டு செல்றாள். இது காதுல விழுந்தா அந்த மனுசன் தாங்குவாரா? இத்தன வருஷம் யாருக்காக அங்க கெடந்தார்? வாற அண்டைக்கு இந்தப் புள்ள மொகத்தத் திருப்பிக்கொண்டு அறைக்குள்ள போய்ட்டாள் எண்டா நான் என்ன செய்ற?"

அஸீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். றம்லத் கண்ணைத் துடைத்துவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். நீலக் கேட் போட்ட தங்கள் வீட்டைச் செய்து, வாசலில் நாலு பேரும் ஒன்றாக நிற்பது மாதிரி ஒரு கேக் வேண்டும். "அதப் பாத்துச் சரி, இந்த ஊட்டுல நாலு பேர் எண்டு அதுகளுக்கு வெளங்கட்டும்."

ஒரு கேக்கால் ஒரு குடும்பத்தை ஒட்டவைக்க முடியும் என்று நம்புகிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் றம்லத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அஸீமாவோ, நானாவுக்கு என்றதும் அப்போதே பாதி கேக்கை மனதுக்குள் செய்துவிட்டாள்.

பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு, மற்ற எல்லோரிடமும் கேட்பதைப்போல அவர்களிடமும் கேட்டாள்.

"ஸிபான், வாப்பா எப்புடி நிப்பார் மகன்? செஞ்சி காட்டுங்க பாப்பம்."

ஸிபான் யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களால் தன் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் போட்டான். "வாப்பா இப்புடித்தான். சில நேரம் மூக்குத் தொள மட்டும் தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. றம்லத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"றிப்தா, ஒங்களுக்கு ஞாபகம் ஈக்குந்தானே மகள்?"

அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதி திரும்பி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். "கழுத்துக்குக் கீழ எனக்குத் தெரியா மாமி" என்றாள்.

அவளுக்கு ஞாபகம் இல்லாமலில்லை, சொல்ல மனமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை. நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. முகத்தை வைக்காமல் ஆட்களைச் செய்கிறவள் அஸீமா. முகத்தை மட்டுமே வைத்து வாப்பாவை அறிந்த பிள்ளைகள் இவர்கள்.

கடைசியில் றம்லத்தான் எழுந்து நின்று காட்டினார். குசினி வாசல் நிலையில் வலது தோளைச் சாய்த்து, வலது காலில் பாரத்தைக் கொடுத்து, இடது காலை அதன் மேல் குறுக்கே போட்டு, ஒரு கையை மேல் சட்டத்தில் வைத்து. "சாரத்த முழங்காலுக்கு மேல மடிச்சி இப்புடிச் சண்டிக்கட்டாக் கட்டீப்பார். ஊட்டுக்குள்ளயும் வர மாட்டார், வெளியயும் போக மாட்டார், இதுல நிண்டுகொண்டுதான் கத பேசுவார்" என்றார். சொல்லி முடித்தபின் வெட்கம் வந்து சட்டென்று கையை இறக்கிவிட்டார். நான் அடுப்பில் இருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டேன்.

அஸீமாவுக்கும் அதே தோற்றம்தான் ஞாபகம். சந்தேகமே இல்லை, நளீர் நானா அப்படித்தான் நிற்பார். ஆனால் உருவத்தைச் செய்யத் தொடங்கிய பிறகு அவளுக்குத் திருப்தி வரவில்லை. செய்தாள், பிசைந்து உருட்டினாள், மறுபடி செய்தாள்.

"இது நானாதான் டீச்சர். ஆனா எந்தக் காலத்து நானா எண்டு எனக்குத் தெரியல்ல."

"கேக்குதானே டீச்சர்? யாரு வந்து ஒரசிப் பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பனே" என்றாள்.

அதனால் வீடியோ கோல் எடுத்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். திரை நிறைய நளீரின் முகம். நரைத்த தாடி, நல்ல சிரிப்பு.

"நானா, போனக் கொஞ்சம் தூர வெச்சிட்டு எழும்பி நில்லுங்களே."

"என்னத்துக்கு? எனக்குப் பொண்ணு பாக்கப் போறியா?"

"சும்மாதான் நானா. ஒங்களப் பாக்கணும்."

"இப்ப பாத்துக்கொண்டுதானே ஈக்கிறாய்? அறைல ஆக்கள் ஈக்கி தங்கச்சி, பொறகு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னொரு நாள் கேட்டாள். போனை வைக்க இடமில்லை என்றார். மற்றொரு நாள் வெளிச்சம் போதாது என்றார். வெட்கப்படுகிறார் என்று அஸீமா சொன்னாள். தடித்துவிட்டாராக்கும், தொப்பையை மறைக்கிறார் என்று நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். றம்லத் காட்டிய மாதிரியே உருவத்தைச் செய்து, அலுமாரிக்குள் பல்பு வெளிச்சத்தில் காய வைத்தாள்.

அவர் வரும் நாளன்று காலையிலிருந்தே மழை. கேக் வியர்க்காமல் இருப்பதற்காக நஸீம் வானில் ஏசியைக் கூட்டி வைக்க, தெல்தெனிய வரை நான் நடுங்கிக்கொண்டே வந்தேன். திகன தாண்டி இறங்கும்போது ஒரு பள்ளத்தில் வான் குலுங்கியது. "நஸீம் நானா, இது கேக்கு, சீமெந்து மூட்டை இல்ல!" என்று கத்திவிட்டேன். பின்னாலிருந்து அஸீமா, "யாருக்கு என்னாச்சி?" என்று பதறினாள். ஸிபானின் கை கேட்டை விட்டு விலகியிருந்தது. ஓரமாக நிறுத்தி ஒட்டிவிட்டுப் போனோம். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் பனிக்குள் கிடந்தது.

மேசையில் கேக்கை வைத்ததும் வீட்டிலிருந்தவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். நீலக் கேட், அதில் தொங்கும் ஸிபான். படியில் றம்லத், ஈரக்கையை முக்காட்டு நுனியில் துடைத்தபடி. நிலையில் சாய்ந்து, காலைக் குறுக்கே போட்டு, சண்டிக்கட்டோடு நளீர். சற்றுத் தள்ளி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பாதி முதுகைக் காட்டியபடி றிப்தா.

றிப்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமி, நான் மட்டும் ஏன் அங்கால திரும்பி நிக்கிற?"

"நான் பாத்ததத்தானே மகள் செய்யேலும்" என்றாள் அஸீமா. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். ஆனால் பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது.

பின்னேரம் கேட்டில் வான் வந்து நின்றது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிவரப் போன றம்லத்தின் தம்பி ஷிஹாப் முதலில் இறங்கினான். யாருடைய முகத்தையும் பார்க்காமல் பக்கக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். உள்ளேயிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு ஊன்றுகோல்.

பிறகு இடது கால். பிறகு, மற்றக் கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்துக்கொண்டு நளீர் இறங்கினார். முகம் போனில் பார்த்த அதே முகம்தான். அதே சிரிப்பு. அதற்குக் கீழே யாரோ வேறொருவர் இருந்தார். தொப்பையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு தோள் இறங்கி, இடுப்பு ஒரு பக்கம் தள்ளி, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"யா அல்லாஹ்" என்று றம்லத் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. லொறியால எறங்கக்குள்ள விழுந்த. பழைய கத. அங்கயே ஒப்பரேஷன் செஞ்சி எல்லாம் சரி" என்றார் நளீர். விழுந்தது போன வருஷ நோன்புக்கு முன்னால் என்பதும், அதற்குப் பிறகு லொறி ஓட்ட முடியாமல் கம்பனி வாசலில் ஒரு கதிரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார் என்பதும், இப்போது அதுவும் இல்லாமல்தான் வந்திருக்கிறார் என்பதும் பிறகு தெரிந்த விஷயங்கள். 'செல்லியிருந்தா பயந்துபோயிருப்பீங்க' என்பதுதான் எல்லாவற்றுக்கும் அவர் சொன்ன பதில்.

எனக்குக் கோபம் வந்தது. சொந்தமில்லாத எனக்கு என்ன கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தினமும் அந்த முகத்தைப் பார்த்து, 'சாப்பிட்டீங்களா, சாப்பிட்டோம்' என்று பேசி வைத்த இத்தனை பேரையும் அந்த மனிதர் ஏமாற்றியிருக்கிறார். ஏமாற்றுவதற்கு அவருக்கு ஒரு சிரிப்பு போதுமாக இருந்திருக்கிறது. அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

ஷிஹாப் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார். காலை நீட்டி வைத்தார். அப்போதுதான் மேசையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வாசல்ல நிக்கிற ஆள் யாரு? ராசா மாதிரி நிக்கிறானே" என்றார்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சீனியால் செய்த நளீர், இனி எக்காலத்திலும் ஊன்ற முடியாத அந்த வலது காலில் முழுப் பாரத்தையும் கொடுத்து, இடது காலை ஒய்யாரமாகப் போட்டுக்கொண்டு நின்றார். அஸீமா குசினிக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அடுப்பங்கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கேட்டுக் கேட்டுப் பாத்தேன் டீச்சர். எழும்பி நில்லுங்க நானா, எழும்பி நில்லுங்க நானா எண்டு. நிக்க ஏலாமத்தான் நிக்கல்ல. எனக்கு வெளங்கல்லயே. ஊர்ல எல்லாரும் நிக்கிற விதம் எனக்குத் தெரியும், என்ட நானா நிக்கிற விதம் தெரியாமப் போச்சே."

"அவரு மறைச்சிட்டாரு. நீங்க என்ன செய்வீங்க?" என்றேன். அது ஆறுதலாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்போது றிப்தா குசினிக்குள் வந்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"மாமி, அந்த டின்னத் தாங்க."

அஸீமா என்ன ஏது என்று கேட்காமல் கொடுத்தாள். றிப்தா மண்டபத்துக்குப் போனாள். நாங்கள் இருவரும் வாசல் வரை பின்தொடர்ந்து அங்கேயே நின்றுவிட்டோம்.

முதல் வேலையாக, நிலையில் சாய்ந்து நின்ற உருவத்தைக் கேக்கிலிருந்து பிடுங்கினாள். றம்லத் 'புள்ள!' என்று பதறினார். றிப்தா அதை ஸிபானின் கையில் கொடுத்தாள். அவனுக்கு வேறு எதுவும் விளங்கவில்லை, சீனி என்பது விளங்கியது. பழைய வாப்பாவைத் தலையிலிருந்து சாப்பிடத் தொடங்கினான். நளீர் வாய்விட்டுச் சிரித்தார், அன்று முதல் தடவையாக உண்மையில் சிரித்தார்.

அதன் பிறகு அவள் செய்த உருவத்தை நல்ல உருவம் என்று நான் சொல்ல மாட்டேன். பாலர் பாடசாலையில் எங்கள் பிள்ளைகள் களிமண்ணில் செய்வது அதைவிடத் திருத்தமாக இருக்கும். ஒரு தோள் அளவுக்கு மேல் இறங்கிவிட்டது. கால் வந்த இடம் காலுக்குரிய இடம் இல்லை. எப்படி வைத்தாலும் விழுந்தது. அஸீமா இரண்டு முறை முன்னால் போகப் பார்த்துத் தன்னையே பிடித்துக்கொண்டாள். கடைசியில் றிப்தா ஒரு பல்லுக்குச்சியை ஒடித்து அதன் கைக்குள் செருகினாள். அந்தக் கோலை ஊன்றியதும் உருவம் விழாமல் நின்றது. கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. அன்றும் எனக்குப் பிடிக்கவில்லை, முழுவதையும் சாப்பிட்டேன்.

ஆனால் அஸீமாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அந்த உருவமோ கேக்கோ அல்ல. அதைச் செய்யத் தொடங்குவதற்கு முன், றிப்தா கையில் சீனிப் பசையோடு வாப்பாவின் முன்னால் போய் நின்ற நேரம். குசினி வாசலில் என் கையை அஸீமா இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, எழும்பி நில்லுங்க."

றம்லத் குறுக்கே வந்தார். "மகள், அவர் களச்சிப்போய் வந்தீக்கி. பொறகு..."

"எழும்பி நிக்கட்டும் உம்மா. நான் பாக்கணும்."

நளீர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சொல்வதற்கு ஒரு பகிடி தேடினார். போனில் என்றால் கிடைத்திருக்கும். இங்கே வைத்துவிட்டுப் போக வழியில்லை. மேசையைப் பிடித்தார், கோலை ஊன்றினார், ஷிஹாப் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, மெதுவாக எழும்பி நின்றார்.

றிப்தா அவரைச் சுற்றி வந்தாள். இறங்கிய தோளைப் பார்த்தாள். தள்ளிய இடுப்பைப் பார்த்தாள். குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். மேசையில் சீனியால் செய்த றிப்தா இன்னும் அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றாள், அதை யாரும் திருப்பி வைக்கவில்லை. இவள் சுற்றி முடித்து வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"எவ்வளவு நேரம் மகள் இப்புடி நிக்கணும்?" என்றார் நளீர்.

"நான் பாத்து முடியிற வரைக்கும்" என்றாள் றிப்தா. "நான் இன்னம் பாக்கவே இல்லையே வாப்பா."

அவர் நின்றார். கால் நடுங்கியது. அதை அவர் மறைக்கவில்லை.